ஏழு மணிக்குள் தரையிறங்க வேண்டும்

போன மாதம் சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது விமானம் இறங்கவில்லை. இறங்கத்தான் வந்தது. சக்கரங்களை நீட்டும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. ஜன்னலில் தென்னந்தலைகளும் தகரக் கூரைகளும் தெரிந்துவிட்டன. முன்சீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார். திடீரென்று இன்ஜின் உறுமி, மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேகத்துக்குள் போய்விட்டது. காற்று சரியில்லை, ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் என்று விமானி சொன்னார். மழைக்காலத்தில் போர்ட் பிளேரில் இது நடப்பதுதான். (ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பலகைகள் மாறிவிட்டன, என் வாய் இன்னும் மாறவில்லை. மன்னிக்க வேண்டும்.)

பக்கத்து இருக்கையில் ஒரு இளம்பெண். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமா இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். என் விரல்கள் தொடையின் மேல் தட்டிக்கொண்டிருந்தன. பயத்தால் அல்ல. ஒரு விரல் வேகத்தைக் குறைக்கிறது, ஒரு விரல் இறக்கையின் ஃபிளாப்பை இறக்குகிறது, சுண்டுவிரல் சக்கரத்தை நீட்டுகிறது. நாற்பது வருடமாக வேலையில்லாமல் இருந்த விரல்கள் அவை. "ஒண்ணுமில்லம்மா, பழக்கம்" என்றேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் கொஞ்ச காலம் போர் விமானம் ஓட்டியவன். ஓட்டியது போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில், தகரக் கூரை போட்ட வாடகை வீட்டின் முன்னறையில், கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து. பகலில் நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவன். காலையில் படகேறி சாத்தம் துறைக்குப் போய் அங்கிருந்து அலுவலகம். மாலையில் அதே படகில் திரும்பி வருவேன். அந்தமானில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கடிகாரம் டெல்லிக்காரர்களுடையது, சூரியன் எங்களுடையது. குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் விளக்குப் போட்டாக வேண்டும். படகை விட்டு இறங்கும்போதே இருட்டிவிட்டால், தூக்கம் வரும்வரை கல்யாணமாகாத ஒருவன் என்னதான் செய்வான்?

அந்த வீட்டை என்னோடு பகிர்ந்துகொண்டவன் ராஜேந்திரன். பாம்பூஃப்ளாட் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவனுடைய அப்பா மதுரைப் பக்கமிருந்து ரோடு போடும் கான்ட்ராக்டரோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இவன் பிறந்தது, படித்தது எல்லாம் தீவில்தான். தமிழ் பேசுவான், நடுநடுவே 'யார்' (நண்பா), 'ஜஹாஜ்' (கப்பல்) என்று இந்தி கலக்கும், படிக்க வராது. நான் இந்தி படிப்பேன், பேச வராது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் கிடைப்பான் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

அவனுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வரும்போது தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் என்றதும் நீங்கள் எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பாக, ஒரு சிலேட்டு அளவுக்கு இருந்தது. மேலே ரப்பர் பொத்தான்கள். அழுத்தினால் அழிரப்பரை அழுத்துவது போலிருக்கும். திரை கிடையாது, ராஜேந்திரனுடைய பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் இணைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு முறையும் விளையாட்டைக் கேசட்டிலிருந்து ஊட்டிவிட வேண்டும். கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

ஊட்டிவிட ஒரு டேப் ரெக்கார்டர் வேண்டுமல்லவா. ராஜேந்திரன் கடையில் பத்துப் பதினைந்து கிடந்தன, எல்லாம் நோயாளிகள். நல்ல நிலையில் இருந்தது என்னுடைய டூ இன் ஒன் மட்டும்தான். ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில். ஊர்ப் பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. கேசட் ஓடும்போது அதில் ரேடியோ கேட்க முடியாது, வீட்டில் வேறு ரேடியோவும் கிடையாது. ஒன்று அது, இல்லாவிட்டால் இது. ஆக, கம்ப்யூட்டர் அவனுடையது, டூ இன் ஒன் என்னுடையது என்று கூட்டு வியாபாரம் தொடங்கியது.

அண்ணன் கொண்டுவந்தது நான்கு கேசட்டுகள். தீவின் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். முதல் மழைக்காலத்திலேயே மூன்று போய்விட்டன. மிச்சமிருந்ததை வனஸ்பதி டின்னில் பச்சரிசிக்குள் புதைத்து வைத்தோம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது ராஜேந்திரனின் கண்டுபிடிப்பு. அதனால் விமானம் என்றால் எனக்குப் பெட்ரோல் வாசனை ஞாபகம் வராது, அரிசி வாசனைதான் வரும். இப்போதும் ரேஷன் கடையில் மூட்டையைப் பிரிக்கும்போது கை லேசாகத் துறுதுறுக்கும்.

அந்த ஒரே கேசட்டில் இருந்ததுதான் போர் விமானம். சதுரங்கமோ கார் ரேஸோ பிழைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

திரையின் கீழ்ப்பாதி முழுக்க மீட்டர்கள். மேல்பாதியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வானம், கீழே பூமி. கோடு சாய்ந்தால் நாம் சாய்கிறோம். எதிரி விமானம் நாலு குச்சியால் செய்தது போல வரும். அதைச் சுட்டால் நாலு குச்சியும் தனித்தனியாகப் பறக்கும். எதிரி யார், எதற்குச் சண்டை என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. விளக்கப் புத்தகம் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது. எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் செத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ராஜேந்திரன் திருப்புவான், சுடுவான். நான் வேகம், ஃபிளாப், சக்கரம், பெட்ரோல் மீட்டர். எங்கே போனாலும் எனக்குக் கிளார்க் வேலைதான் வாய்த்தது. அலுவலகத்திலிருந்து பழைய கோப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து, மேலே "பொருள்: விமானம் தரையிறக்குதல் தொடர்பாக" என்று எழுதி வைத்தேன். ஒவ்வொரு விபத்தும் அதில் பதிவாகும். "வேகம் அதிகம். மூக்கு முதலில் பட்டது." "சக்கரம் நீட்ட மறந்தது. பொறுப்பு: கிளார்க்." ராஜேந்திரனுக்குப் படிக்க வராது என்பதால் நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவன் மேலதிகாரி மாதிரி தலையாட்டிக் கேட்பான்.

சுடுவது சுலபமாகத்தான் இருந்தது. இறங்குவதுதான் முடியவில்லை. மூன்று மாதம் முயன்றும் ஒரு முறைகூட முழுதாக இறங்கவில்லை. ஓடுதளம் ஒரு குச்சி போலத் தூரத்தில் தெரியும். அதை நோக்கிப் போகப் போக அது நகரும். கடைசியில் வயலிலோ கடலிலோ விழுவோம். இதற்குமேல் இன்னொரு தொல்லை, பவர் ஹவுஸ். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டுப் பாரம் ஏறியதும் ஏழு மணிக்கு இன்னொரு ஜெனரேட்டரைச் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் ஊர் முழுக்க விளக்கு ஒரு முறை கண்ணடிக்கும். மனிதர்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். எங்கள் கம்ப்யூட்டருக்கு அது போதும். விமானம், எதிரி, வானம் எல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஏழு நிமிடம் ஊட்ட வேண்டும். அதற்குள் சமைக்க நேரமாகிவிடும். அதனால் எங்கள் விமானப்படையில் ஒரே ஒரு கட்டளைதான்: ஏழு மணிக்குள் தரையிறங்க வேண்டும்.

அதே மாலையில்தான் இன்னொரு முக்கியமான விஷயமும் இருந்தது. ஆறரைக்கு வானொலியில் கப்பல் அறிவிப்பு. மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரைக்குப் போகும் கப்பல் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஜெட்டி, அதாவது எந்தத் துறைமேடை, எப்போது ஏற வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். டிக்கெட்டில் ஒரு தேதி அச்சாகியிருக்கும். அது ஒரு உத்தேசம். கப்பல் தள்ளிப்போகும், சில சமயம் முந்தியும் போகும். ஆறரைக்குத் தீவே ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். தீவில் பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். நான் கப்பலில் வந்து இறங்கி இரண்டே வருடம் ஆனவன், அதிலும் கிளார்க். அச்சடித்த தாளை நம்புவது என் தொழில்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா இருவரும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கும் பிறந்த வீடு என்றால் நான்தான். கட்டிக்கொடுத்த இடம் கொஞ்சம் வசதியான இடம். மாமியார் வாயைத் திறந்து குறை சொல்ல மாட்டார், ஆனால் ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வைக்கு முன்னால் அக்கா எப்போதும் தம்பியைத்தான் நிறுத்துவாள். "எந்தம்பி அந்தமான்ல கவுர்மெண்டு ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தாள். பதவி உயர்வை அவளே கொடுத்துவிட்டாள்.

அக்காவின் மகள் செல்விக்குக் காது குத்தத் தேதி வைத்திருந்தார்கள். காது குத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். சீர்த்தட்டும் தோடும் மாமன்தான் கொண்டுவர வேண்டும். ஒரே தாய்மாமன் நான். அக்கா இரண்டு மாதம் முன்பே எழுதிவிட்டாள்: "நீ வந்து இறங்குற தேதிய வச்சுத்தான் நாளே பாத்துருக்கோம். இந்த வீட்ல நான் வேற எதுவும் கேட்டதில்ல." நானும் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை காலைக் கப்பல், செவ்வாய் சென்னை, புதன் ஊர், வியாழன் காது குத்து. தோடு வாங்கி ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடி, டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை. அன்று எப்படியாவது ஒரு முறை இறங்கிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. ஊருக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். கேசட் அதுவரை பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். நாடாவின் ஓரத்தில் ஏற்கெனவே வெள்ளை தெரிந்தது.

ஆறு பத்துக்கு முதல் முறை போட்டோம். தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற அந்தச் சத்தம் ஏழு நிமிடம் ஓடி, கடைசி நொடியில் பிழை என்று காட்டி நின்றது. நாடாவை ஓட்டி எடுத்து, சத்தத்தை ஒரு நூலளவு குறைத்து மறுபடி போட்டோம். அதுவும் பாதியில் நின்றது. ராஜேந்திரன் சட்டைத் துணியால் டேப்பின் தலையைத் துடைத்தான். மணி ஆறு இருபத்தெட்டு.

"அரே, மொதல்ல ரேடியோ கேளு யார்" என்றான். "உன் ஜஹாஜ் இருக்குல்ல. டைம் எப்ப வேணா மாறும்."

"டிக்கெட்ல சனிக்கிழமைன்னு போட்டிருக்கு" என்றேன்.

"டிக்கெட் பேப்பர் தானே. ஜஹாஜ் பேப்பர் படிக்குமா?"

"கேட்டு முடிச்சு லோட் பண்ணா ஏழு மணி ஆயிரும். இன்னிக்கு எறங்க முடியாது. போடுடா."

போடச் சொன்னது நான்தான். இதை இவ்வளவு தெளிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் எனக்கு நானே இந்தக் கதையைச் சொல்லிக்கொள்ளும்போது, எப்படியோ பொத்தானை அழுத்தியது ராஜேந்திரனின் விரலாக மாறியிருந்தது. இல்லை. அவன் சொன்னான், நான்தான் கேட்கவில்லை.

மூன்றாவது முறை ஏறிவிட்டது. ஆறு முப்பத்தைந்துக்கு மேலே கிளம்பினோம். ராஜேந்திரன் இரண்டு எதிரிகளைச் சுட்டான். திரும்பினோம். ஓடுதளம் குச்சியாகத் தெரிந்தது. நான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், ஃபிளாப்பை இறக்கினேன், சக்கரத்தை நீட்டிவிட்டு அதைச் சத்தமாகச் சொன்னேன். "லெஃப்ட், இன்னும் லெஃப்ட்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோடு உயர்ந்து உயர்ந்து வந்து, திரை ஒரு குலுக்குக் குலுக்கியது. வேக மீட்டரின் முள் இறங்கி இறங்கிச் சுழியில் நின்றது. விமானம் முழுசாக, ஓடுதளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மணி ஆறு ஐம்பத்தேழு. மூன்று நிமிடம் அந்த நின்ற விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு விளக்கு கண்ணடித்தது, திரை வெளுத்தது. கோப்பில் "இறங்கியது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ராஜேந்திரனிடமும் இந்தியில் ஒரு கையெழுத்து வாங்கினேன். அன்று முட்டைக் குழம்பு வைத்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மாலைகள் அதிகமில்லை. அதை இப்போதும் என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸோடு படகில் போய்க்கொண்டிருந்தேன். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பாதி வழியில் படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். பெரிய கப்பல் ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தது, அதற்கு வழிவிட. மேல்தளத்தில் ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். எங்கள் அலுவலகத்து நாயர் சேட்டன். அவ்வளவு பலமாக எனக்கு யாரும் கையாட்டியதில்லை. நானும் சந்தோஷமாக எழுந்து நின்று கையை ஆட்டினேன். அவர் எதையோ கத்தினார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். நாயர் சேட்டனும் நானும் ஒரே கப்பலில் டிக்கெட் எடுத்தவர்கள் என்பதை மூளை எடுத்துச் சொல்ல அரை நிமிடம் ஆயிற்று.

பக்கத்தில் நின்றவர் ஒரு தெலுங்கர். "நேத்து ரேடியோல சொன்னாங்களே பாய்சாப், அரிசிக் கப்பலுக்கு ஜெட்டி வேணும்னு ஒரு நாள் முன்னாடி அனுப்பறாங்க" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். படகு போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. விமான அலுவலகத்துக்கு ஓடினேன். அப்போது வாரத்துக்குச் சில விமானங்கள்தான், இரண்டு வாரத்துக்கு இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் நான் இன்னும் இருக்கிறேனோ என்னவோ. தந்தி அலுவலகத்துக்கு ராஜேந்திரனும் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தான். படிவத்தில் முதலில் "கப்பலைத் தவறவிட்டேன்" என்றுதான் எழுதினேன். எழுதியதும் அதை அக்காவின் மாமியார் யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது கண்ணில் தெரிந்தது. ஏன் தவறவிட்டான் என்று அடுத்த கேள்வி வரும். அக்கா என்ன சொல்வாள்? எந்தம்பி விளையாடிக்கொண்டிருந்தான் என்றா? அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். புயல். கப்பல் ரத்து.

ராஜேந்திரன் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தான். "ஆசமான் பாரு. ஒரு மேகம் இல்ல. நீ சைக்ளோன்னு எழுதற."

"மெயின்லேண்ட்ல இருந்து யாரு வந்து பாக்கப் போறா" என்றேன்.

அது உண்மைதான். மெயின்லேண்டில் அந்தமானைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். ஆதிவாசி அம்பு விடுகிறான் என்றால் நம்புவார்கள், முதலை வீட்டுக்குள் வருகிறது என்றால் நம்புவார்கள். புயல் எம்மாத்திரம்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வார்த்தை குறை இல்லை. "நீ பத்திரமா இருக்கியே அது போதும். முறைக்கு யாராச்சும் உக்காரட்டும்னு இவுக அத்தை மகன உக்காரச் சொன்னாக. நான் ஒத்துக்கல. எந்தம்பி கடல்ல புயல்ல மாட்டிக்கிட்டு இருக்கான், அவன் எடத்துல ஆள் வைக்க அவன் என்ன செத்தா போயிட்டான்னு கேட்டேன். என் மடியிலயே வச்சுக் குத்தியாச்சு." கூடவே ஒரு போட்டோ. அழுகிற செல்வி, அவளை இறுக்கிப் பிடித்திருக்கிற அக்கா, முன்னால் ஆசாரி. ஆசாரி கையிலிருந்த தங்கக் கம்பியையே வளைத்துப் போட்டுவிட்டார்களாம். தோடு என் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

உண்மையை எழுதிவிடலாம் என்று அன்றே பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தப் புயலை வைத்துத்தான் அக்கா அந்த வீட்டில் தலைநிமிர்ந்திருந்தாள். அதை எப்படிப் பிடுங்குவது? அடுத்த விடுமுறையில் போனபோது புயல் வளர்ந்திருந்தது. தென்னை மர உயரத்துக்கு அலை வந்ததாம். அதற்கடுத்த முறை நான் கப்பலில் ஏறியேவிட்டிருந்தேன். கப்பல் பாதி வழி வந்து, தாங்காமல் திரும்பியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து, "அந்தக் கப்பல்ல இருந்த தம்பி இவருதானா?" என்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்த அடக்கத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அக்காவின் மாமியாரும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். நாள் கூடக் கூட, சொல்லாமலிருப்பது சுலபமாகிவிடுகிறது.

பாம்பூஃப்ளாட் வீடு இப்போது இல்லை. சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கமே கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. முன்னறை இருந்த இடத்தில் பெரிய அலை நாட்களில் தண்ணீர் ஏறி நிற்கிறது. கேசட் அந்த வருடமே போய்விட்டது. கம்ப்யூட்டரை உப்புக் காற்று தின்றது. ராஜேந்திரன் ஒருநாள் திறந்து பார்த்தபோது உள்ளே பச்சையாகப் பொடிந்திருந்தது. ஆறரை மணிக்குத் தீவு முழுக்கப் பேச்சு நிற்பதில்லை, கப்பல் தகவல் போனுக்கே வந்துவிடுகிறது. ஏழு மணிக்கு விளக்கு கண்ணடிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ராஜேந்திரன் வடக்கே மாயாபந்தரில் மகள் வீட்டோடு இருக்கிறான். எப்போதாவது போனில் பேசினால் "அந்த லேண்டிங் ஞாபகம் இருக்கா யார்?" என்பான். கப்பலை அவன் மறந்துவிட்டான்.

போன மாதம் விமானம் இரண்டாவது முறை ஒழுங்காக இறங்கியது. வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அக்காவுக்குப் போன் செய்தேன். எண்பதை நெருங்குகிறாள். காது நன்றாகக் கேட்கும்.

"காத்து மழைன்னு டி.வி.ல போட்டான். ஒழுங்கா எறங்குச்சா?"

"ஒரு தடவ மேல தூக்கிட்டுப் போயி, ரெண்டாந் தடவ எறக்குனாங்கக்கா."

"அந்தப் புயல்லயே தப்பிச்சவன். உனக்கு ஒண்ணும் ஆகாது."

இத்தனை வருடம் சொல்லாததை அன்று ஏன் சொன்னேன்? விரல்கள் தட்டியது காரணமாக இருக்கலாம். வயதும் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர், கேசட், ரேடியோ, நாயர் சேட்டனுக்குக் கையாட்டியது, தந்தி.

"அப்பக் காத்தே அடிக்கலையா?" என்றாள்.

"இல்லக்கா."

"மழ?"

"இல்ல."

"அந்த ஏரோப்ளேன எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "பிள்ளைக்குக் காது குத்துற நேரத்துல நேர்ந்துக்கிட்டேன்டா. எந்தம்பியக் கடல் கொண்டுபோகக் கூடாது, மாரியாத்தா, உனக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு. மூணு வருசம் எடுத்தேன்."

தீச்சட்டி எடுத்தது எனக்குத் தெரியும். செல்விக்காக என்று நினைத்திருந்தேன். ஒரு வருடம் உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று என்று அக்கா வீட்டு மாமா எழுதியிருந்ததும் ஞாபகம் இருந்தது. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டேன்.

"அடுப்புல பாலு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து வழக்கம்போலத்தான் பேசுகிறாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. நானும் அதைப் பற்றி எடுக்கவில்லை. போன வாரம் செல்வி கூப்பிட்டாள். அவள் மகனுக்குப் பெண் வீட்டார் வந்து போயிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருவர், எங்களுக்கும் அந்தமானில் சொந்தம் உண்டு என்று பேச்சை ஆரம்பித்திருக்கிறார்.

"யாராச்சும் அந்தமான்னு வாயத் தொறந்தா அம்மா உங்க புயல் கதைய ஆரம்பிச்சிருவாங்கள்ல மாமா" என்றாள் செல்வி. "நான் காப்பியக் கொடுத்துட்டு, இப்பச் சொல்லுவாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். ஒண்ணுமே சொல்லல. அப்படியான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. என்னாச்சுன்னு தெரியல."

"வயசாயிருச்சுல்லம்மா" என்றேன். "மறந்திருப்பா."